கம்பெனியா, கம்பியா? வீட்டுக்கு இணைய இணைப்பு தேர்ந்தெடுக்கும் விஷயம்

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறுதோறும் டோம்பிவிலியிலிருந்து ரயிலேறி வரும் அன்பர் ஒருவர் இருக்கிறார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் என்னைத் தனியே அழைத்து, கையிலிருந்த நான்கு விளம்பரத் துண்டுகளை மேசையில் பரப்பினார். "சார், எங்க வீட்டுக்கு எந்தக் கம்பெனி இன்டர்நெட் போடலாம்? பையன் ஜெர்மனியில இருக்கான். வீடியோவுல பேசினா அவன் முகம் எனக்கு நல்லாத் தெரியுது. என் முகம்தான் அவனுக்குக் கட்டம் கட்டமா உடைஞ்சு போகுதாம். இருக்கறது நூறு மெகாபிட். இருநூறுக்கு மாத்திக்கோங்கன்னு கேபிள்காரன் சொல்றான்" என்றார்.

அவருடைய கேள்வியிலேயே விடையில் பாதி இருந்தது. மகன் முகம் இங்கே தெளிவாக வருகிறது; இவர் முகம் அங்கே போய்ச் சேரவில்லை. வரும் பாதை விசாலமாக இருக்கிறது, போகும் பாதை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் வரும் பாதையைப் பற்றியது. அதை நூறிலிருந்து இருநூறு ஆக்கினால் மாதக் கட்டணம் உயருமே தவிர, ஜெர்மனியில் இவர் முகம் துலங்கப் போவதில்லை. இதைச் சொன்னதும், "அப்போ எதைப் பார்த்துதான் வாங்கறது?" என்று கேட்டார். அன்று அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதைச் சற்றுக் கோர்வையாக இங்கே எழுதுகிறேன். மும்பையை மனத்தில் வைத்து எழுதினாலும், தில்லி, பெங்களூர், புனே அன்பர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே ஒரு காலத்தில் இடமிருந்ததில்லை. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது அது ஒன்றே கதவு. டெலிபோன் கம்பியில் மோடத்தைச் செருகி, அது கீச்சுக் குரலில் கத்தி ஓயும்வரை காத்திருந்து உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் கிடைக்காது. 1998-இல் தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி வந்தது. 2004-இல் வந்த அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. 2013-இல் அந்த வரையறை 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட். இப்போது பெருநகரங்களில் 100 மெகாபிட் என்பது சர்வ சாதாரணமாக விற்கப்படுகிறது. ஆகவே நகரவாசிகளுக்கு வேகப் பஞ்சம் என்பது ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. நமக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வேறிடத்தில் பிறக்கின்றன: தெருமுனையிலிருந்து நம் வரவேற்பறை வரையுள்ள கடைசி நூறு மீட்டரில்.

எனவே முதல் கேள்வி, "நல்ல கம்பெனி எது?" என்பதன்று. "என் கட்டடத்துக்குள் யார் யாருடைய கம்பி ஏற்கெனவே வந்திருக்கிறது, அது என்ன கம்பி?" என்பதே. சஞ்சார் சாத்தி என்ற அரசு வலைத்தளத்தில் உங்கள் பின்கோடைக் கொடுத்தால், அந்த வட்டாரத்தில் கம்பிவழி இணையச் சேவை தருவோரின் பட்டியல் கிடைக்கும். பட்டியல் நீளமாக இருக்கக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். பின்கோடுக்குள் இருப்பது வேறு, உங்கள் சொசைட்டிக்குள் இருப்பது வேறு. எதிர்ச் சாரிக் கட்டடத்துக்கு வரும் கம்பி உங்கள் கட்டடத்துக்கு வராமல் போகலாம். சில சொசைட்டிக் கமிட்டிகள் ஒரே ஒருவரை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பேசுவது நல்லது.

கம்பி என்றேன். அதில் பல ஜாதி உண்டு. பழைய டெலிபோன் செப்புக் கம்பி வழியே வருவது ஒன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட அதன் வேகம் தேயும். போகும் பாதை வரும் பாதையைவிட மிகக் குறுகலாகவே அதில் அமைந்திருக்கும். டி.வி. கேபிளோடு சேர்ந்து வருவது இன்னொன்று. அதிலும் போகும் பாதை குறுகல்தான். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. கட்டடத்தின் மொட்டை மாடி வரையிலோ மாடிப்படி அடி வரையிலோ கண்ணாடி இழைக் கம்பி வரும். அங்கே ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து சாதாரண லேன் கம்பியை இழுத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். விளம்பரத்தில் இதையும் ஃபைபர் என்றே சொல்வார்கள். வேகத்தில் குறையொன்றும் இராது. ஆனால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பொது மீட்டரில் மின்சாரம் போனாலோ, மழையில் பெட்டிக்குள் நீர் இறங்கினாலோ, உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் இணையம் இராது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மும்பையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, கண்ணாடி இழை உங்கள் வீட்டுச் சுவர் வரை வந்து ஒரு சிறு பெட்டியில் முடிவது. உண்மையான வீட்டு ஃபைபர் இதுதான். இதிலும் பங்கீடு உண்டு. பெரும்பாலும் நொடிக்கு 2.5 கிகாபிட் கொண்ட ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆயினும் வழியில் மின்சாரம் வேண்டும் பெட்டிகள் கிடையா. போகும் பாதையும் போதிய அகலத்தோடு இருக்கும். வீட்டில் மின்சாரம் போனால் சுவர்ப்பெட்டி அணைந்துவிடும் என்பது ஒன்றே குறை. அதற்கென்று 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. அதை ரூட்டரோடு இணைத்துவிட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

கம்பியே இல்லாமல், செல்போன் கோபுரத்திலிருந்து 5ஜி அலைவழியாக வீட்டுக்குக் கொடுப்பதும் 2023 முதல் வந்துவிட்டது. ஏர்டெல், ஜியோ இரண்டும் அந்த ஆண்டிலேயே தொடங்கின. கம்பி வர வழியில்லாத வீட்டுக்கும், பதினோரு மாத லீவ் அண்டு லைசன்ஸில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் இளைஞர்களுக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் கோபுரத்தை அக்கம்பக்கத்துச் செல்போன்கள் எல்லாம் பகிர்ந்துகொள்வதால் நேரத்துக்கு நேரம் வேகம் மாறும். கம்பி கிடைக்கும் வீட்டில் நான் இதை இரண்டாவதாகவே வைப்பேன்.

அடுத்து அளவுக் கணக்கு. கம்பெனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கம்ப்யூட்டரோ கோப்புகளை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். 2 கிகாபைட் படம் ஒன்று இறங்கச் சுமார் 160 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இது தெரியாமல், "நூறு என்று சொல்லிப் பன்னிரண்டுதான் தருகிறான்" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

நமக்கு எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் துல்லியமான எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. நல்ல தரத்தில் முகம் பார்த்துப் பேச, வரவும் போகவும் மூன்று நான்கு மெகாபிட் தடையின்றிக் கிடைத்தால் தாராளம். மருமகள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை, பேரன் ஆன்லைன் வகுப்பு, தாத்தா யூடியூபில் கச்சேரி, பாட்டி சீரியல் என்று நால்வரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 40, 50 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 300 மெகாபிட் வாங்குவது, இருவருக்கு மினி பஸ் அமர்த்துவது போலத்தான்.

பிறகு ஏன் இரவு ஒன்பது மணிக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது? இதற்குக் காரணம் பங்கீடு. கம்பெனி 50 வீட்டுக்கு ஆளுக்கு 100 மெகாபிட் விற்றால், 5000 மெகாபிட் வாங்கி வைத்திருக்கிறது என்று நினைக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரமே நடக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் தந்த வழிகாட்டலில், வீட்டு இணைப்புகளுக்கு ஒன்றுக்கு ஐம்பது என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்றது. நம்முடைய லோக்கல் ரயில் போலத்தான். பிற்பகல் இரண்டு மணிக்குக் காலை நீட்டி உட்காரலாம். மாலை ஆறரைக்குத் தாதரில் அதே டிக்கெட்டோடு ஏறிப் பாருங்கள். எனவே இணைப்பைச் சோதிப்பவர்கள் காலை பத்து மணிக்குச் சோதித்துத் திருப்திப்படக் கூடாது. ஏற்கெனவே அதே இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டுக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் காபி சாப்பிடப் போங்கள். டிராயின் மைஸ்பீட் செயலியிலோ வேறு வேகமானியிலோ வருவது, போவது என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நுட்பம்: வேகமானிகள் சில, அந்தக் கம்பெனியின் வளாகத்திலேயே உள்ள சர்வரைத் தொட்டுவிட்டு அபார வேகம் என்று காட்டிவிடும். வேறு ஊர் சர்வரைத் தேர்ந்து இன்னொரு முறை பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

கம்பெனியைத் திட்டும்முன் ரூட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் பொதுவாக இருக்கும். முதலாவது சுவர்களைத் தாண்டி நெடுந்தூரம் போகும், வேகம் குறைவு. அண்டை வீட்டு ரூட்டர்கள் போதாதென்று மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்குமேல் சோர்ந்துவிடும். ரூட்டரைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, உள்ளறையில் வரவில்லையே என்றால் பயனில்லை. மலிவான ரூட்டர்கள் பலவற்றில் கம்பி செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. அந்த ரூட்டரை வைத்துக்கொண்டு 200 மெகாபிட்டுக்குப் பணம் கட்டுவது வீண்.

விலை விஷயத்துக்கு வருவோம். விளம்பர விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திராது. 499 என்றால் நீங்கள் கட்டுவது 589. இதற்குமேல் இணைப்புக் கட்டணம், ரூட்டர் டெபாசிட் என்று உண்டு. ஓர் உதாரணம்: மாதம் 499, இணைப்புக் கட்டணம் 1500 என்கிறார் ஒருவர், மாதம் 599, இணைப்பு இலவசம் என்கிறார் மற்றவர். வரியோடு கூட்டினால் முதல் ஆண்டில் முன்னவருக்கு 8,836 ரூபாய், பின்னவருக்கு 8,482. இரண்டாம் ஆண்டில் கணக்கு தலைகீழாகிவிடும். முன்னவருக்கு 7,066 போதும், பின்னவருக்கு அதே 8,482. எவ்வளவு காலம் அந்த வீட்டில் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தே மலிவு தீர்மானமாகும். "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கும் அடியில் பொடி எழுத்தில் எல்லை இருக்கும். குறிப்பிட்ட கிகாபைட்டைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதம் 3,300 கிகாபைட் என்ற எல்லையைச் சாதாரணக் குடும்பம் தொடுவது அரிது. ஆனால் சிறு ஆபரேட்டர்களின் மலிவுத் திட்டங்களில் எல்லை மிகத் தாழ்வாக இருக்கலாம். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த நானும் ஏமாந்தேன். 2021 ஜூனில், எங்கள் செம்பூர் வீட்டில், பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டினால் பதின்மூன்று மாதம் என்ற வட்டார ஆபரேட்டரின் பேச்சில் மயங்கி மொத்தமாகக் கட்டினேன். ஏழாயிரம் ரூபாய் சொச்சம். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படமும் "பணம் வந்தது" என்ற வரியும் வந்தன, அதுவே ரசீது. அக்டோபரில் ஒருநாள் இணைப்பு அறுந்தது. தொலைபேசியில் கேட்டால், "ஹோ ஜாயேகா, அங்கிள்" என்ற ஒரே பதில். நான்காம் நாள்தான் விஷயம் தெரிந்தது: அவர் தம் கம்பிகளையெல்லாம் இன்னொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவரோ, "பழைய கணக்குக்கு நான் பொறுப்பில்லை, புதிதாகக் கட்டுங்கள்" என்றார். என் மகளுக்கு அந்த வாரம் கல்லூரித் தேர்வு, ஆன்லைனில். செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் என்று மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்து எழுதினாள். நடுவில் இரண்டு முறை அறுந்தது. தாள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போய்ச் சேர்ந்திருந்தது. பணம்தான் திரும்பவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கதவைத் தட்டி இணைப்புக் கொடுப்பவர் வேறு, அரசிடம் உரிமம் பெற்றவர் வேறு. உரிமம் நாடு முழுமைக்கும், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், மாவட்ட அளவுக்கும் என மூன்று தரத்தில் உண்டு. வட்டாரத்துக் கேபிள்காரர் இப்படிப்பட்ட ஓர் உரிமதாரரின் கூட்டாளியாக மட்டுமே இருப்பார். அதில் தவறில்லை. ஆனால் பில் உரிமதாரர் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு, உங்கள் கணக்கு எண்ணோடு வரவேண்டும். என்னிடம் அது இல்லை. ஆகவே யார்மேல் புகார் செய்வது என்பதே எனக்குத் தெரியவில்லை. ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கும் எண்ணத்தை நான் அன்றே விட்டேன். மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். சேமிப்பு குறைந்தால் குறையட்டும்.

பில் கையிலிருந்தால் புகாருக்கு வழி இருக்கிறது. 2012-இல் டிராய் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு கம்பெனியும் புகாரைப் பதிவு செய்து ஓர் எண் தரவேண்டும். லைன்மேனிடம் வாய்மொழியாகச் சொல்வது புகார் ஆகாது. அந்த எண்தான் உங்கள் ஆயுதம். தீராவிட்டால், அதே கம்பெனியில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எழுதிப் பல மாதம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற சந்தேகத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: போகலாம். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாளுக்குமேல் நீடித்தால் வாடகையில் கழிவோ, காலநீட்டிப்போ தரவேண்டும். கேட்டால்தான் கிடைக்கிறது என்பது அனுபவம்.

இணைப்பு வாங்குமுன் நான் இப்போது இன்னொன்றும் விசாரிக்கிறேன்: பழுது பார்க்கும் பையன் எங்கே இருக்கிறான்? எங்கள் கட்டடக் காவலாளிக்கு இதெல்லாம் அத்துபடி. எந்தக் கம்பெனி ஆள் கூப்பிட்ட அன்றே வருகிறான், யார் ஏணி இல்லை என்று திரும்பிப் போகிறான், மழையில் எந்தப் பெட்டி முதலில் சாகும் என்று அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னது எந்த விளம்பரத்திலும் இல்லை. பழுது பார்க்கும் ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் வேகத்தில் பத்து இருபது மெகாபிட் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

டோம்பிவிலி அன்பர் வீட்டுக்கு மறுவாரம் போயிருந்தேன். சோதித்ததில் வரும் வேகம் 92, போகும் வேகம் 2. டி.வி. கேபிளோடு சேர்ந்த பழைய இணைப்பு அது. அவர் கட்டடத்தில் அசல் வீட்டு ஃபைபர் இரண்டு கம்பெனிகளுடையது இருந்தது. அவற்றில் பெயர் பெற்ற ஒன்றின் ஆள் தாணேயிலிருந்து வரவேண்டும் என்று காவலாளி சொன்னார். மற்றதன் ஆளுக்கு அடுத்த தெருவில் கடை. வரவும் போகவும் 40 மெகாபிட் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் கட்டினார். பழைய இணைப்பை ஒரு மாதம் கழித்தே நிறுத்தச் சொன்னேன். புதியதன் லட்சணம் தெரிய வேண்டுமே.

சென்ற ஞாயிறு நூலகத்தில் பார்த்தேன். "முகம் இப்போ தெரியுதாம் சார். 'என்னப்பா இவ்வளவு இளைச்சுட்டே'ன்னு கேக்கறான்" என்றார்.